பாஞ்சாலங்குறிச்சியின் பக்கம் நின்றவர்கள்

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. அந்தப் படையெடுப்பைக் கண்டித்து ஐ.நா. பொதுச் சபையில் வந்த முக்கியத் தீர்மானங்கள் எதையும் இந்தியா ஆதரிக்கவில்லை. எதிர்க்கவும் இல்லை, ஒவ்வொரு முறையும் விலகி நின்றது. இது டெல்லி அதிகாரிகளின் விவகாரம், நமக்கென்ன என்று கோவில்பட்டிக்காரரோ ஓட்டப்பிடாரத்துக்காரரோ இருந்துவிட முடியாது. அந்த விலகலின் செலவில் ஒரு பங்கு நம் வீட்டுக்கும் வருகிறது. அதோடு, படையெடுப்புக்கு ஆளானவர் பக்கம் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பேசிவரும் மண் இது.

அடுப்படிக்கு வந்த போர்

2022 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். சூரியகாந்தி எண்ணெய் லிட்டர் பாக்கெட் 200 ரூபாயை ஒட்டிப் போனது. போருக்கு முன்பு நாம் வெளிநாட்டிலிருந்து வாங்கிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து கருங்கடல் வழியாக வந்துகொண்டிருந்தது. அந்தத் துறைமுகங்கள் அடைபட்டதும் இங்கே மற்ற எண்ணெய்களும் கூடவே ஏறின. உக்ரைனும் ஒரு கரிசல் நாடுதான். அந்தக் கரிசலில் டேங்க் ஓடினால் இந்தக் கரிசலில் தாளிக்கிற சட்டிக்கு விலை ஏறுகிறது.

அடுத்து உரம். புரட்டாசி விதைப்புக்கு முன் மானாவாரி விவசாயி அடியுரமாகத் தேடுவது டி.ஏ.பி. மூட்டையை. அதன் விலை 1,200 ரூபாயிலிருந்து 1,350 ரூபாய் ஆனது. 150 ரூபாய்தானே என்று தோன்றலாம். மத்திய அரசு ஒரு மூட்டைக்குத் தரும் மானியத்தை 1,650 ரூபாயிலிருந்து 2,501 ரூபாயாக உயர்த்தியதால்தான் ஏற்றம் அதோடு நின்றது. 2022 கரிப் பருவத்துக்கு மட்டும் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களுக்கான மானியம் 60,939 கோடி ரூபாய். அது எங்கிருந்தோ வந்த பணம் அல்ல, நம் வரிப்பணம்.

தீப்பெட்டித் தொழிலின் கதை இன்னும் வேதனையானது. 14 ஆண்டுகளாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டியை 2021 டிசம்பர் 1-ல்தான் இரண்டு ரூபாயாக்கினார்கள். அந்த உயர்வு நான்கு மாதத்துக்கு மேல் தாங்கவில்லை. மெழுகு, அட்டை, குளோரேட், சிவப்பு பாஸ்பரஸ் என்று மூலப்பொருள் ஒவ்வொன்றும் ஏறி, 2022 ஏப்ரலில் ஆலைகளைச் சில நாட்கள் மூடவேண்டி வந்தது. ஏற்றத்துக்குப் போர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்ததைப் போர் மேலும் தூக்கிவிட்டது. ஆலை மூடிய நாட்களில் பண்டல் கணக்கில் கூலி வாங்கும் பெண்களின் வீட்டில் வரவு நின்றது.

மருத்துவப் படிப்புக்காகப் போன பிள்ளைகளை எப்படி மறப்பது? கார்கிவ் நகரத்தில் சுரங்க ரயில் நிலையங்களிலும் விடுதியின் அடித்தளத்திலும் பதுங்கிக் கிடந்தவர்களில் தென்மாவட்டப் பிள்ளைகளும் இருந்தார்கள். 'ஆபரேஷன் கங்கா' மூலம் சுமார் 22,500 இந்தியர்கள் மீட்கப்பட்டார்கள். கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு மாணவர் மார்ச் 1 அன்று குண்டுவீச்சில் இறந்தார். அதன்பின் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜென்ட்களை நம்பி ரஷ்யாவுக்குப் போய், அந்நாட்டு ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, போர்முனைக்குத் தள்ளப்பட்டவர்களின் செய்திகள் வந்தன. ரஷ்ய ராணுவத்தில் சேர்ந்த இந்தியர்கள் 126 பேர், அவர்களில் 12 பேர் இறந்துவிட்டார்கள் என்று வெளியுறவு அமைச்சகமே 2025 ஜனவரியில் சொன்னது.

கடைசியாக, வரி. போருக்கு முன்பு நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. போர் தொடங்கியபின் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அந்த எண்ணெயைக் காரணம் காட்டி அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது கூடுதலாக 25 சதவீதம் வரி போட்டது. 2025 ஆகஸ்ட் 27 முதல் மொத்த வரி 50 சதவீதம் ஆனது. திருப்பூர் பின்னலாடையும் தூத்துக்குடியிலிருந்து போகும் இறாலும் அந்த அடியை வாங்கின. அமெரிக்கா செய்தது நியாயம் என்று நான் சொல்லவில்லை. உக்ரைன் பக்கம் பேசுவதாகச் சொல்லும் நாடே, 2025 பிப்ரவரி 24 அன்று பொதுச் சபையில் உக்ரைன் கொண்டுவந்த தீர்மானத்துக்கு எதிராக ரஷ்யாவுடன் சேர்ந்து வாக்களித்தது. அன்றும் இந்தியா விலகியே நின்றது.

விலகி நின்றால் செலவில்லை என்ற கணக்கு தவறு என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கயத்தாற்றில் கூடியிருந்தவர்கள்

இந்த மண் பேசிவரும் கதைக்கு வருவோம். 1799 செப்டம்பர் 5 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். அதன் பாளையக்காரர் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். அவருடைய அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை செப்டம்பர் 13 அன்று நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் புளியமரத்தில் தூக்கு. இவ்வளவும் இங்கே சிறுவர்களுக்குக்கூடத் தெரியும்.

அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அந்த விசாரணையையும் தண்டனையையும் பார்ப்பதற்காகச் சுற்றுவட்டாரப் பாளையக்காரர்கள் கயத்தாற்றுக்கு வரவழைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் கம்பெனியின் நண்பர்கள் அல்லர். பலர் பயத்தால் வந்தவர்கள். சிலர் தங்கள் பாளையமாவது பிழைக்கட்டும் என்று வந்தவர்கள். பேசாமல் இருந்தார்கள். சில நாட்களிலேயே அவர்களுக்கும் உத்தரவு வந்தது: கோட்டைகளை இடியுங்கள், ஆயுதங்களை ஒப்படையுங்கள். பேசாமல் இருந்தவருக்கும் அதே உத்தரவு, கம்பெனிக்கு உதவியவருக்கும் அதே உத்தரவு. 1801 ஜூலை முடிவில் ஆற்காட்டு நவாபின் ஆட்சி முழுவதுமே கம்பெனியின் கைக்குப் போனது.

கம்பெனியின் பக்கம் நின்ற எட்டயபுரம் பாளையத்தைப் பற்றி எழுதும்போது வழக்கமான வசவை நான் எழுதப் போவதில்லை. பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைத் தகராறு நெடுங்காலம் இருந்தது. பாஞ்சாலங்குறிச்சி ஆட்கள் தங்கள் கிராமங்களுக்குள் வந்து போவதாக எட்டயபுரம் புகார் சொன்னது. அந்தப் புகாரை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. இன்றைக்கும் ஒரு நாடு இன்னொரு நாட்டைப் படையெடுத்து விழுங்கும்போது பக்கத்து நாடுகள் பார்ப்பது இதே மாதிரிக் கணக்கைத்தான்: அவனோடு எனக்கும் பழைய பாக்கி இருக்கிறது, அவன் விழுந்தால் எனக்கு நாலு ஊர் கிடைக்கும், பெரியவனைப் பகைத்துக்கொள்வானேன். அந்தக் கணக்கு அன்றைக்குப் பலித்தது. எட்டயபுரத்துக்கு ஊர்கள் கிடைத்தன, ஜமீன் நிலைத்தது. ஆனால் படையும் கோட்டையும் வைத்துக்கொண்டு தானே முடிவெடுக்கும் பாளையமாக அது மறுபடி இருக்கவில்லை.

அடைக்கலம் கொடுத்தவர்கள்

பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரி 2 அன்று தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை சில நாட்களிலேயே மறுபடி எழுந்து நின்றதைக் கம்பெனிப் படை வந்து பார்த்துத் திகைத்தது. கரிசல் மண்ணைக் குழைத்து எழுப்பிய சுவர். பீரங்கிக் குண்டு அதைப் பிளக்கவில்லை. மார்ச் 31 தாக்குதல் தோற்றது. வெளியூர்களிலிருந்து மேலும் படை வந்து, கர்னல் அக்னியூ தலைமையில் மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. அந்தச் சண்டைகளில் செத்த ஆங்கிலேயர்களின் கல்லறைகள் இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

அன்று நடந்த ஒரு சம்பவத்தைக் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பின்னாளில் கால்டுவெல்லும் திருநெல்வேலிச் சரித்திரத்தில் அதைச் சேர்த்தார். சண்டை முடிந்த களத்தில் ஒரு வயதான தாய் தன் மகனைத் தேடி வருகிறாள். மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். தண்ணீர் கேட்கவில்லை அவன். பக்கத்தில் சாமி காயத்தோடு கிடக்கிறார், என்னை விட்டுவிட்டு அவரைக் காப்பாற்று என்கிறான். சாமி என்று அவன் சொன்னது ஊமைத்துரையை. அவளும் கூட வந்தவர்களும் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருவதைக் கண்டதும், துணியால் மூடி ஒப்பாரி வைத்து, வைசூரியில் செத்த பையன் என்கிறார்கள். வைசூரி என்றதும் வந்தவர்கள் கிட்டே வராமல் ஓடிவிடுகிறார்கள்.

அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் எழுதவில்லை. மகனை அங்கேயே விட்டுவிட்டு, தோற்றுப்போன பக்கத்தின் தலைவனைத் தூக்கிச் சுமந்தவள் அவள். அவளுக்குக் கோட்டையும் இல்லை, படையும் இல்லை. தன்னால் ஆனது எதுவோ அதைச் செய்தாள்.

உயிர் பிழைத்த ஊமைத்துரை போனது சிவகங்கைச் சீமைக்கு. சிறுவயலில் மருது சகோதரர்கள் அவரை வரவேற்றார்கள். கம்பெனியோடு மருதுகளுக்கும் சொந்தக் கணக்கு இருந்தது உண்மைதான். ஆனாலும் ஊமைத்துரையை ஏற்றுக்கொள்வது போரை ஏற்றுக்கொள்வது என்று தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்கள். 1801 ஜூன் 16 அன்று சின்ன மருதுவின் பிரகடனம் திருச்சிக் கோட்டை வாயிலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. சிவகங்கையைக் காப்பாற்றுங்கள் என்று அது கேட்கவில்லை. சாதி வேறுபாடு இல்லாமல் இந்த நாட்டு மக்கள் எல்லோரையும் பார்த்துப் பேசியது. ஒருவர் மண்ணில் நடந்த அநியாயம் எல்லோருக்கும் நடந்ததுதான் என்பது அதன் சாரம்.

அவர்கள் கொடுத்த விலை பெரியது. அக்டோபர் 1 அன்று காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார். சின்ன மருதுவின் பதின்ம வயது மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள்.

மருதுகள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு விடை உண்டு. 1772-ல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டு, நவாபும் கம்பெனியும் சேர்ந்து சிவகங்கையைப் பிடித்தபோது, அவர் மனைவி வேலு நாச்சியாரும் மருதுகளும் ஓடிப் பிழைத்தது திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக்கு. அங்கே கோபால நாயக்கர் இடம் கொடுத்தார். தளவாய் தாண்டவராயப் பிள்ளை ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதிப் படை உதவி கேட்டார்; ஹைதர் உதவினார். எட்டு ஆண்டுகள் கழித்து 1780-ல் சீமை மீண்டது. அந்த உதவி எத்தனை பெரியது என்பது மருதுகளுக்கு அனுபவத்தில் தெரியும். அதனால்தான் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து ஒருவர் காயத்தோடு வந்தபோது அவர்களால் கதவைச் சாத்த முடியவில்லை என்று நினைக்கிறேன்.

சின்ன நாடுகள் சொன்னதும் பெரிய நாடு சொல்லாததும்

இனி இன்றைய உலகுக்கு வருவோம். 2022 மார்ச் 2 அன்று பொதுச் சபை வாக்கெடுப்பில் 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்தன, 5 எதிர்த்தன, 35 விலகின. விலகியவற்றில் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை இருந்தன. கண்டித்தவற்றில் நேபாளமும் பூட்டானும் இருந்தன. இரண்டு மாபெரும் நாடுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன நாடுகள் அவை. எல்லையைப் படை கொண்டு மாற்றலாம் என்ற வழக்கம் உலகில் வந்துவிட்டால் முதலில் போகப்போவது தாங்கள்தான் என்று அவற்றுக்குத் தெரியும்.

நமக்கும் அது தெரியாதது அல்ல. 1962 அக்டோபர் 20 அன்று சீனப் படை இமயத்தைத் தாண்டி வந்தபோது, அணிசேரா நாடுகளுக்காக அதுவரை உலக அரங்கில் பேசிவந்த நேரு, அந்த நாடுகளின் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். டிசம்பரில் கொழும்பில் இலங்கை, பர்மா, கம்போடியா, எகிப்து, கானா, இந்தோனேசியா ஆகிய ஆறு நாடுகள் கூடின. சமரச யோசனைகளைச் சொன்னார்கள். படையெடுத்தது யார் என்று சொல்லவில்லை. இந்தியாவுக்குப் பிரிட்டன் ஆயுதம் தருவதைக்கூட கானாவின் என்க்ரூமா ஆட்சேபித்தார். இந்தியாவின் காயம் அன்று எல்லையில் மட்டும் ஏற்படவில்லை.

அந்த நேரத்தில் தெளிவாகக் குரல் கொடுத்தவர் மலாயாவின் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். சீனா செய்தது ஆக்கிரமிப்பு என்றார். இந்தியாவுக்காக நிதி திரட்ட இயக்கமே தொடங்கினார். சீனர்கள் பெருந்தொகையாக வாழும் நாட்டின் தலைவர் அவர். உள்நாட்டில் அது எளிய காரியம் அல்ல. மலாயாவிடம் இந்தியாவைக் காக்கும் படை கிடையாது. ஆனால் அந்தக் குரலை நாம் இன்றும் நன்றியோடு சொல்கிறோம். உக்ரைன் மக்கள் நாளைக்கு எழுதும் சரித்திரத்தில் இந்தியாவுக்கு எந்த இடம் இருக்கும் என்று யோசிக்க வேண்டும்.

ரஷ்யாவுக்கு நாம் பட்ட கடன்

மறுபக்கத்தை மறைக்கக் கூடாது. காஷ்மீர் விவகாரத்திலும், 1961-ல் கோவாவிலும், 1971-ல் வங்கதேசப் போரிலும் பாதுகாப்புச் சபையில் வீட்டோ போட்டு நம்மைக் காத்தது சோவியத் யூனியன். நம் ராணுவத் தளவாடங்களில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தவை. 1988-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி எழுந்த கூடங்குளம் அணுமின் நிலையம் ரஷ்யத் தொழில்நுட்பத்தால் ஓடுகிறது. 140 கோடிப் பேருக்குப் பெட்ரோலும் உரமும் தேட வேண்டிய அரசு நேபாளம் போல வாக்களித்துவிட முடியாது என்று வாதிடுபவர்களின் கவலை பொய்யல்ல.

கரிசல் மண்ணுக்கு ரஷ்யாவோடு நெஞ்சில் ஒரு உறவும் உண்டு. இடைசெவல் கு. அழகிரிசாமி கார்க்கியைத் தமிழில் தந்தார். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களைச் சல்லிசான விலைக்கு வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறை கோவில்பட்டியில் இன்னும் இருக்கிறது. டால்ஸ்டாயையும் செகாவையும் தங்கள் வீட்டுப் பெரியவர்களைப் போலப் பேசுவார்கள். அந்த அன்பு எனக்கும் உண்டு. அதை யாரும் விட வேண்டியதில்லை. மாஸ்கோ அரசு செய்த படையெடுப்பைத் தவறு என்று சொல்வது ரஷ்ய மக்களைப் பகைப்பது ஆகாது. போரை எதிர்த்துத் தெருவில் நின்று சிறைக்குப் போன ரஷ்யர்களும் இருக்கிறார்கள். எந்த ரஷ்யாவோடு நமக்கு உறவு என்பதை நாம் சொல்லலாம்.

இந்திய அரசு சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2022 செப்டம்பர் 16 அன்று சமர்கண்டில் புதினை வைத்துக்கொண்டே, இது போருக்கான காலம் அல்ல என்று பிரதமர் மோடி சொன்னார். 2024 ஆகஸ்ட் 23 அன்று கீவ் நகரத்துக்கே போனார். உக்ரைன் சுதந்திரம் பெற்ற பிறகு அங்கே சென்ற முதல் இந்தியப் பிரதமர் அவர்தான். நடமாடும் மருத்துவமனைப் பெட்டகங்களைக் கொடுத்தார். மருந்தும் கூடாரமும் ஜெனரேட்டரும் போயின. இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஐ.நா.வில் நம் தூதர்கள் பேசும்போது நாடுகளின் இறையாண்மையும் எல்லைகளும் மதிக்கப்பட வேண்டும் என்றும் தவறாமல் சொல்கிறார்கள். யார் அதை மீறினார் என்று மட்டும் சொல்வதில்லை. என் வருத்தம் அதில்தான்.

எண்ணெய் வாங்குவது வேறு, வாக்களிப்பது வேறு. துருக்கி ரஷ்யாவோடு வியாபாரத்தையும் விடவில்லை, உக்ரைனுக்கு ஆதரவாக வாக்களிக்கவும் தவறவில்லை; கருங்கடல் வழியாகத் தானியம் போக 2022 ஜூலையில் ஐ.நா.வுடன் சேர்ந்து ஒப்பந்தமும் செய்து கொடுத்தது. நடுவில் நின்று பேசுபவர் உண்மையைச் சொல்லக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

எட்டயபுரத்திலிருந்து பெல்ஜியத்துக்கு

இந்த இடத்தில் பாரதியை நினைக்காமல் முடியாது. 1914 ஆகஸ்டில் ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் புகுந்தது. அப்போது பாரதி புதுச்சேரியில், பிரிட்டிஷ் அரசு தேடும் ஆளாக ஒளிந்து வாழ்ந்தார். பெல்ஜியத்தைக் காக்கவே போரில் இறங்கியதாகச் சொன்னது அதே பிரிட்டன். என் எதிரி ஆதரிக்கும் நாட்டை நான் ஏன் ஆதரிக்க வேண்டும் என்று பாரதி கேட்கவில்லை. தோல்வி உறுதி என்று தெரிந்தும் வழிவிட மறுத்து நின்ற அந்தச் சின்ன நாட்டை வாழ்த்தி ஒரு பாட்டு எழுதினார். ஆப்பிரிக்காவின் காங்கோவில் பெல்ஜியம் செய்த கொடுமைகள் வேறு விஷயம். படையெடுப்புக்கு ஆளான நாளில் அதன் பக்கம் நின்றார். கம்பெனியின் பக்கம் நின்ற சமஸ்தானத்து ஊரில் பிறந்தவர், ஒரு நூற்றாண்டு கழித்து இப்படி ஒரு பாட்டை எழுதினார் என்பதை எட்டயபுரம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

மேற்கு நாடுகளின் இரட்டை வேடத்தைக் காட்டி, உக்ரைனுக்கு மட்டும் நாம் ஏன் பேச வேண்டும் என்று கேட்பவர்களுக்கு பாரதியின் இந்த நிலைப்பாடே பதில். ஈராக் மீது அமெரிக்கா படையெடுத்தபோது, 2003 ஏப்ரலில் நம் நாடாளுமன்றம் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. காஸாவில் குழந்தைகள் சாகும்போது நாம் பேசத்தான் வேண்டும். 1974-ல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அரபு நாடுகளுக்கு வெளியே முதலில் அங்கீகரித்த நாடு நாம். அதே இந்தியா 2023 அக்டோபரிலும் 2025 ஜூனிலும் காஸா போர்நிறுத்தம் கேட்ட பொதுச் சபைத் தீர்மானங்களில் விலகி நின்றது. ஆக, விலகுவது ஒரு நாட்டோடு முடிவதில்லை, பழகிப் போகிறது.

என்ன செய்யலாம்?

முதல் வேலை நாடாளுமன்றத்தில். ஐ.நா.வில் ஒவ்வொரு முக்கிய வாக்குக்கும் நம் தூதர் விளக்கம் படிக்கிறார். அந்த விளக்கத்தை உறுப்பினர்கள் முன் வைத்து விவாதிக்க வேண்டும். தமிழிலும் மற்ற மொழிகளிலும் வெளியிட வேண்டும். படை கொண்டு எல்லையை மாற்றுவதை ஏற்பதில்லை என்பதை, செய்கிறவர் ரஷ்யாவானாலும் அமெரிக்காவானாலும் இஸ்ரேலானாலும் சீனாவானாலும், நம் வாக்குக்கு ஒரே அளவுகோலாக அறிவிக்கலாம். வியாபாரமும் ராணுவ ஒப்பந்தங்களும் தனியே நடக்கட்டும்.

மக்கள் கேட்டால் டெல்லி மாறுமா என்ற சந்தேகம் வேண்டாம். 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் முடிந்த கையோடு ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் இலங்கை அரசுக்கு ஆதரவான தீர்மானத்துக்கு இந்தியா வாக்களித்தது. தமிழ்நாட்டில் எழுந்த கோபமும் நெருக்குதலும்தான் 2012 மார்ச் 22 அன்று அந்த வாக்கை மாற்றின. இலங்கையைப் பொறுப்பேற்கச் சொன்ன தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. உலகம் வாய்மூடி இருந்தால் எப்படி இருக்கும் என்பது தமிழர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நமக்காகக் கேட்டதை மற்றவருக்காகவும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கையை விரித்து நிற்கும் நிலையைக் குறைப்பது. எண்ணெய்க்கும் உரத்துக்கும் இன்னொருவரை நம்பியிருக்கும் வரை நம் வாக்குக்கு யாராவது விலை வைப்பார்கள். சூரியகாந்தி வளரும் மண்தான் கோவில்பட்டியும் விளாத்திகுளமும் ஓட்டப்பிடாரமும். 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இங்கேயே இருக்கிறது. எண்ணெய் வித்துகளுக்காக 2024 அக்டோபரில் மத்திய அரசு 10,103 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. சூரியகாந்தியும் அதில் உண்டு. விதையும், கிளித்தொல்லைக்கு வழியும், ஆதார விலையில் கொள்முதலும் கிடைத்தால் விவசாயி விதைப்பார். கொள்முதல் நிலையம் இல்லாமல் விதைக்கச் சொல்வது வீண்.

வெளிநாட்டு வேலை, படிப்பு விவகாரத்தில் மாவட்ட அளவில் ஒரு பதிவு முறை வேண்டும். எந்த நாட்டில் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கு ஆட்சியர் அலுவலகத்தில் இருந்தால், போர் வெடித்த அன்றே வேலையைத் தொடங்கலாம். ரஷ்யாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்கள் மீது வழக்கு நடக்க வேண்டும். பணம் இழந்த குடும்பத்தைக் காவல் நிலையத்துக்கு அலையவிடக் கூடாது.

மூன்றாவது, அடைக்கலச் சட்டம். 1951-ன் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. நமக்கென்று தனிச் சட்டமும் இல்லை. சசி தரூர் 2022-ல் மக்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. எட்டயபுரம் பக்கம் தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. அங்கே பிறந்து, இங்கேயே படித்து, இந்த மண்ணைத் தவிர வேறு எதுவும் அறியாத பிள்ளைகளுக்கு இன்னும் குடியுரிமை இல்லை. வெளியே உள்ள நாடுகளின் பக்கம் நிற்பதைப் பற்றிப் பேசும்போது, ஏற்கெனவே நம் வாசலுக்கு வந்தவர்களுக்கு என்ன செய்தோம் என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். குடியுரிமைச் சட்டத்தின் 2019 திருத்தம் இவர்களை விட்டுவிட்டது; அதைத் திருத்திச் சேர்க்க வேண்டும்.

பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டைக்குப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வருகிறார்கள். கட்டபொம்மனின் வீரம் சுவர் ஓவியங்களில் இருக்கிறது. மகனை விட்டுவிட்டு ஊமைத்துரையைத் தூக்கிப் போன தாயும், சிறுவயல் மருதுகளும், விருப்பாட்சி கோபால நாயக்கரும் அங்கே விரிவாகச் சொல்லப்பட வேண்டும். செய்தித் துறை மனம் வைத்தால் ஒரு கோடை விடுமுறைக்குள் செய்யக்கூடிய வேலை இது.

தூத்துக்குடி, தென்காசி, விருதுநகர், ராமநாதபுரம், சிவகங்கைத் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரில் வெளியுறவு அமைச்சரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். உக்ரைன், காஸா தீர்மானங்களில் விலகியதற்கு எழுத்துப்பூர்வமான காரணம் என்ன? ரஷ்ய ராணுவத்தில் சிக்கிய இந்தியர்களில் இன்னும் திரும்பாதவர்கள் எத்தனை பேர்? அடைக்கலச் சட்டம் எப்போது வரும்? கேட்கச் சொல்லி அவர்களுக்கு எழுத வேண்டியது நாம். ஒரு அஞ்சலட்டை போதும்.